ஐஸ் வாளியோடு ஒரு கருத்தரங்கு

உயிர்வேதியியல் துறையின் கருத்தரங்கக் கூடத்தில், இருபுறமும் ஆட்கள் நெருக்கியடிக்கும் நடு வரிசையில் ஆய்வு மாணவி இருப்புக்கொள்ளாமல் அமர்ந்திருக்கிறாள். காலடியில் ஒரு தெர்மாகோல் வாளி. அதன் ஐஸ் பொடிக்குள் விரல்நுனி அளவே உள்ள ஒரு குழாய். நான்கு மாதம் பாடுபட்டுப் பிரித்தெடுத்த நொதி, அதாவது என்சைம், அதற்குள்தான் இருக்கிறது; குளிர் விட்டால் கெட்டுவிடும். "அரை மணி நேரந்தாம்மா, வாளியோடயே வந்து உக்காரு. கூடம் காலியா இருந்தா தலைவர் கோவிச்சுக்குவாரு" என்று அவளுடைய ஆய்வு நெறியாளர் அழைத்துவந்து ஒன்றரை மணி நேரமாகிறது. திரையின் நீல ஒளி முன்வரிசை வழுக்கைகளில் வழிகிறது. உரையாற்றும் விருந்தினர் மூன்றாம் முறையாக 'இதுதான் கடைசிப் படம்' என்கிறார். கதவுக்கு அப்பால் தேநீர்க் கோப்பைகள் கலகலக்கின்றன. அவள் குனிந்து வாளிக்குள் விரலை விடுகிறாள். வெறும் தண்ணீர், குழாய் மிதக்கிறது.

"என்னடி, மீன் புடிக்கிறியா?" என்று கிசுகிசுக்கிறாள் பக்கத்துத் தோழி.

"சும்மா இருடி. இன்னும் பத்து நிமிஷம் போனா எல்லாம் போச்சு."

கைதட்டல் எழுகிறது. "யாருக்காவது கேள்வி இருக்கா?" என்கிறார் துறைத்தலைவர். அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு எழுந்தேவிடுகிறாள். "அடடே, நம்ம பொண்ணு கேக்குது பாருங்க!" ஒலிவாங்கி கைமாறிக் கைமாறி அவள் மூக்குக்கு முன் வந்து நிற்கிறது.

"சார்... என் என்சைம் செத்துக்கிட்டிருக்கு. கொஞ்சம் வழி விடச் சொல்லுங்க."

நெறியாளர் நெற்றியில் கைவைத்துக்கொள்கிறார். மேடையில் நிற்கும் விருந்தினர்தான் முதலில் வாய் திறக்கிறார்: "ஓடும்மா, ஓடு!" வரிசை மொத்தமும் எழுந்து ஒதுங்குகிறது. வாளியை மார்போடு அணைத்தபடி அவள் ஓடுகிறாள். குளிர்ப்பெட்டி இரண்டு மாடிக்கு மேலே இருக்கிறது.