நாய் மட்டும் போதும்

"நாயை மட்டும் அவுத்துக் குடு மாப்ளே. நீ ஊட்டோட இரு."

சின்னண்ணன் வாசலில் நின்றபடியே சொன்னார். அவர் வெள்ளியங்கிரிக்குத் தாய்மாமன். மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் ஊரே சேர்ந்து முயல் பிடிக்கப் போகும் பாரி வேட்டைக்கு அவர்தான் தலைவர்.

"நாய்க்கு நாலு காலும் இருக்குது, அதனால அது வேணும். எனக்கு ஒண்ணு கொறையுது, அதனால நான் வேண்டாம். அப்படித்தானுங்க மாமா?"

"நான் அப்படிச் சொன்னனா?"

"பின்ன எப்படிச் சொன்னீங்க?"

சின்னண்ணன் தன் அக்கா சென்னியம்மாளைப் பார்த்தார். வெள்ளியங்கிரியின் தாயாரான அவள், சுத்தமாக இருந்த அவரையை அவசரமாக மறுபடியும் புடைக்க ஆரம்பித்தாள்.

பர்மாச் சண்டையில் வலது பாதத்தைக் கணுக்காலோடு விட்டுவிட்டு வெள்ளியங்கிரி ஊர் திரும்பி எட்டு மாதம் ஆகிறது. கம்பை ஊன்றிக் கிணற்றடி வரை போவான், வருவான். ஊரில் எல்லாரும் அவனிடம் மரியாதையாகவே பேசினார்கள். அந்த மரியாதைதான் அவனுக்குப் பிடிக்கவில்லை. பட்டாளத்துக்குப் போகும் முன்பு அவன் ஊரை ஒட்டிய கரட்டுக் குன்றில் இறங்கினால் நாலு முயலுக்குக் குறையாது என்று பேர். செவலையும் கருவாயனும் அவன் கையால் கஞ்சி குடித்து வளர்ந்த வேட்டை நாய்கள். மூன்று வருடம் கழித்து வந்தவனின் காலைப் பார்க்காமல் முகத்தைப் பார்த்தவை அவை இரண்டும்தான் என்பது அவன் எண்ணம்.

"நான் வந்தா நாயும் வரும். இல்லீன்னா ரெண்டும் இல்லைங்க."

"செரி, இருக்கட்டும் உடு" என்று சின்னண்ணன் நடையைக் கட்டினார். முழு ஆளாக மதித்திருந்தால் நாலு வார்த்தை திட்டியிருப்பார். திட்டாமல் போனது வெள்ளியங்கிரிக்குக் கசந்தது.

அவன் மனைவி பாப்பாயி தவிட்டுத் தண்ணீர்ச் சட்டியோடு மாட்டுக்கொட்டகைக்குப் போய்க்கொண்டிருந்தாள். அவளைப் பிடித்துக்கொண்டான்.

"நீயே சொல்லு பாப்பாயி. போன வாரம் கோழியறுக்க ஒக்காந்தா, அம்மா கத்தியப் புடுங்கிப் பக்கத்தூட்டு ரங்கங்கிட்டக் குடுக்குது. அறுக்கறதுக்குக் கூடக் காலு வேணுமா?"

"கொழம்புல ருசி கொறஞ்சுதுங்களா? ஆரு அறுத்தா என்னுங்க?"

"சிரிக்காத."

"இந்த ஒரு தடவ பொறுத்துக்குங்க. அடுத்த வருசப் பாரிக்கு நானே தடி எடுத்துக் குடுக்கறேன்."

"ஏன், அதுக்குள்ள காலு மொளச்சிருமா?"

பாப்பாயி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மாமியார் இருமினாள். பாப்பாயி சட்டியோடு கொட்டகைக்குள் போய்விட்டாள்.

வீட்டில் இரண்டு பெண்களும் சேர்ந்து தன்னைக் கண்ணாடிச் சாமானாக்கிவிட்டார்கள் என்று அவனுக்கு நிச்சயமாகிவிட்டது. இதை இன்றைக்கே முடித்துவிட வேண்டும் என்று நினைத்தான்.

கரட்டுப் பக்கம் ஆட்கள் தப்பட்டை அடித்துக்கொண்டு இறங்கும் சத்தம் கேட்டது. வெள்ளியங்கிரி குறுந்தடியை இடுப்பில் செருகிக்கொண்டு, நாய்களை அவிழ்த்துக்கொண்டு கொல்லை வழியாக வெளியேறினான். ஓட முடியாதவனுக்கு உட்காரத் தெரிந்தால் போதும். கரட்டில் கலைந்த முயல் கொள்ளுக்காட்டுக்குத்தான் வரும். கிளுவை வேலியில் ஒரே ஒரு சந்து. அதற்கு எதிரில் போய் உட்கார்ந்தான். நாய்களைக் காட்டுக்குள் ஏவிவிட்டான்.

வெயில் ஏறும்வரை ஒன்றும் வரவில்லை. அப்புறம் கருவாயன் குரைத்தது. செவலை குறுக்கே வளைத்துத் திருப்பியது. சந்துக்குள் ஒரு பெரிய முயல் பாய்ந்து வந்தது. வெள்ளியங்கிரி உட்கார்ந்த இடத்திலிருந்தே தடியை வீசினான். முயல் ஒரு தரம் துள்ளி விழுந்தது. எட்டு மாதத்தில் முதல் முறையாக அவன் வாய்விட்டுச் சிரித்தான்.

வீட்டு வாசலுக்கு வருவதற்குள் கம்பு ஊன்றிய கை வலித்தது. அவன் அதைப் பொருட்படுத்தவில்லை.

"அம்மா! மாமனக் கூப்புட்டுக் காட்டு. ஒத்தக் கால் ஆளு அடிச்ச மொசலு!"

சென்னியம்மாள் வெளியே வந்தாள். முயலைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்துப்போயிற்று.

"நாய் புடிச்சதுன்னு சொல்லு சாமி. நாய் கடிச்சுத்தான் செத்துதுன்னு சொல்லு."

வெள்ளியங்கிரிக்கு எங்கிருந்துதான் அத்தனை கோபம் வந்ததோ!

"அப்பவும் நாய்க்குத்தான் பேரா? நாய் வளச்சுக் குடுத்துது, அவ்வளவுதான். அடிச்சது இந்தக் கையி. நல்லாப் பாத்துக்க!"

பின்னால் வந்த பாப்பாயி கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். சென்னியம்மாள் அவளைப் பார்த்தாள், மகனைப் பார்த்தாள்.

"உன்ற காலப் பத்தி இந்த ஊட்டுல ஆரும் நெனைக்கலயே சாமி. உன்னயக் கூட்டிட்டுப் போகாதேன்னு மாமங்கிட்டச் சொன்னது நாந்தான். கத்தியப் புடுங்குனதும் அதுக்குத்தான். கல்யாணமான புதுசுல அவசரப்பட்டு ஊரெல்லாம் சொன்னோம், தங்காமப் போச்சு. இந்தத் தடவ மூணு மாசம் முடியற மட்டும் உங்கிட்டக்கூடச் சொல்லப்படாதுன்னு அவ வாயக் கட்டிப் போட்டேன். பாப்பாயி முழுகாம இருக்கறா சாமி... புள்ளத்தாச்சி புருசன் தன் கையால ஒரு உசுர எடுக்கலாமா?"