ஆயிரத்து நானூறு வரி

"நல்லா ஓடுற வண்டியை எதுக்குப்பா பிரிச்சுப் போடுறே?"

கேட்டது நாகவேணி. சித்தலிங்கன் கீபோர்டிலிருந்து கையை எடுத்தான்.

ஹுப்பள்ளியில் பதினோரு பேர் வேலை பார்க்கும் சின்னக் கம்பெனி அது. ரத்த வங்கிகளுக்கு சாஃப்ட்வேர் எழுதுகிறார்கள். எந்த நோயாளிக்கு எந்த ரத்தப் பை என்று முடிவு செய்வது அதிலுள்ள ஒரே ஒரு ஃபங்ஷன், கம்ப்யூட்டருக்கான கட்டளைகளின் ஒரே நீளத் தொகுப்பு. ஆயிரத்து நானூறு வரி. ஒன்பது வருஷமாக கிரிஜா அக்கா எழுதி எழுதி நீட்டியது. அவரைத் தவிர வேறு யாரும் அதற்குள் கை வைக்கத் துணிந்ததில்லை.

அதைத்தான் மூன்று வாரமாகத் துண்டு துண்டாக நறுக்கிக்கொண்டிருந்தான் சித்தலிங்கன். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு பெயர். 'காலாவதிப் பையை ஒதுக்கு.' 'ரத்த வகை பொருந்துதா பார்.' 'அவசரக் கேஸை முன்னால் நிறுத்து.'

"கஸ்டமர் கேட்டாங்களா?"

"இல்லை மேடம்."

"டீம் லீடர் நான். நான் சொன்னேனா?"

"இல்லை."

"அப்புறம் யாருக்காக?"

அவன் திரையையே பார்த்தான். "புரிஞ்சுக்கச் சுலபமா இருக்கும் மேடம்."

"ஒரு பை மாறினா ஒரு உயிர் போகும். தெரியுமில்ல?"

"ஒவ்வொரு துண்டு வெட்டினதும் பழைய விடையையும் புது விடையையும் ஒத்துப் பார்க்கிறேன். இதுவரைக்கும் ஒண்ணுகூட மாறலை."

பதில் சரியாகத்தான் இருந்தது. அதுதான் நாகவேணிக்கு உறுத்தியது. யாரும் கேட்காத வேலையை இவ்வளவு கவனமாக எவனாவது செய்வானா?

சாயங்காலம் மிர்ச்சி பஜ்ஜி வாங்கப் போன இடத்தில், அதே டீமில் வேலை பார்க்கும் ஈரண்ணா காதைக் கடித்தான்.

"ஏப்ரல்ல ஒரு ஆளைக் குறைக்கணும்னு முதலாளி சொன்னாரில்ல மேடம்?"

"அதுக்கென்ன?"

"கிரிஜா அக்காவை ஏன் யாராலயும் அசைக்க முடியலை? அந்த ஆயிரத்து நானூறு வரி அவங்களுக்கு மட்டும்தான் புரியும். இப்போ நேத்து வந்தவனுக்கும் புரியுற மாதிரி ஆயிட்டா..."

மீதியை பஜ்ஜியோடு சேர்த்து விழுங்கினான்.

மறுநாளிலிருந்து நாகவேணி கவனிக்க ஆரம்பித்தாள். மதியம் எல்லோரும் ரொட்டி சாப்பிட்டு எழுந்த பிறகும் சித்தலிங்கன் கிரிஜாவின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான், மடியில் நோட்டோடு.

"அக்கா, அறுநூத்திப் பன்னிரண்டாவது வரியில ஏன் ரெண்டு மணி நேரம் கழிக்கிறீங்க?"

"பை ஃப்ரிட்ஜை விட்டு வெளியே வந்து நோயாளிகிட்ட போய்ச் சேர ஆகுற நேரம்டா அது."

"அப்போ அதுக்கே தனிப் பேர் வச்சிடறேன்."

பாவம், அந்தம்மா கள்ளங்கபடு இல்லாமல் எல்லாவற்றையும் கொட்டிக் கொடுக்கிறார். இவன் சொட்டு விடாமல் கறக்கிறான்.

வெள்ளிக்கிழமை அவனை மீட்டிங் ரூமுக்குக் கூப்பிட்டாள்.

"உன் திட்டம் எனக்குப் புரிஞ்சுபோச்சு. ஒருத்தர் சோத்துல மண்ணைப் போட்டுத்தான் நீ பிழைக்கணுமா?"

அவன் முகம் சிவந்தது. என்னவோ சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டான்.

"இன்னும் ஒரு வாரம் கொடுங்க மேடம். முடிஞ்சிடும்."

"ஒரு நிமிஷம்கூடக் கிடையாது."

அப்போதே அந்த ஃபங்ஷனைத் தொட அவனுக்கிருந்த அனுமதியை நீக்கினாள். பிறகு தன் இடத்தில் உட்கார்ந்து முதலாளிக்கு மெயில் அடிக்க ஆரம்பித்தாள். 'சித்தலிங்க பாட்டீலின் நடத்தை குறித்து...'

பாதி அடித்திருப்பாள். கிரிஜா வந்து எதிரே உட்கார்ந்தார்.

"அவன்கிட்ட பறிச்சதைத் திருப்பிக் கொடு நாகவேணி."

"அக்கா, நீங்க வெள்ளந்தி. அவன் உங்க வேலைக்கே உலை வைக்கிறான்!"

"என் வேலையைக் காப்பாத்தத்தான் அவன் மூணு வாரமா மாடா உழைக்கிறான்."

நாகவேணிக்கு விளங்கவில்லை.

கிரிஜா குரலைத் தாழ்த்தினார். "எனக்குப் பார்வை போயிட்டிருக்கு. ரெண்டு கண்ணும். ஆறு மாசம் தாங்கினா அதிகம்னு டாக்டர் சொல்லிட்டார்."

"அக்கா!"

"ஒரு நாள் பஸ் நம்பர் கண்ணுக்குத் தெரியாம ஸ்டாப்ல நின்னுட்டிருந்தேன். நாலு பஸ்ஸை விட்டுட்டேன். சித்தலிங்கன் பார்த்துட்டான். அவன்கிட்ட மறைக்க முடியலை."

நாகவேணி நாற்காலியை அவர் அருகே இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"இனிமே திரையில இருக்கிறதை கம்ப்யூட்டர் வாய்விட்டுப் படிக்கும், நான் காதால கேட்டுத்தான் வேலை செய்யணும். ஆயிரத்து நானூறு வரியை ஒரே மூச்சில கேட்டு மனசுல நிறுத்த யாரால முடியும்? சின்னச் சின்னதா, பேரைக் கேட்டதும் உள்ளே என்ன இருக்குன்னு தெரியற மாதிரி இருந்தா முடியும். நேத்து திரையை அணைச்சுட்டு நானே ஒரு தப்பைத் திருத்தினேன், தெரியுமா?"

நாகவேணி அடித்த வரிகளை ஒவ்வொன்றாக அழித்தாள். அனுமதியைத் திருப்பிக் கொடுத்தாள். அப்புறமும் மனசு ஆறவில்லை.

"ஏழு வருஷமா பக்கத்துல உட்கார்ந்திருக்கேன். அவன் வந்து ரெண்டு வருஷம்கூட ஆகலை. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா அக்கா? அவனையும் ஏன் வாயைத் திறக்க விடலை?"

கிரிஜா அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீ நல்லவ நாகவேணி. சொல்லியிருந்தா அழுதிருப்பே. முதலாளிகிட்ட பேசி பெரிய விழாவா ஏற்பாடு பண்ணி, எனக்கு மாலை போட்டு, சால்வை போர்த்தி, வீட்டுக்கு அனுப்பி வச்சிருப்பே."