முயலைத் தொடாத க்ரீம்

"இந்தக் கண்ணப் பாருங்க தம்பி. பார்த்துட்டு உங்களுக்குச் சோறு எறங்குமா?"

பிரேமாவதி நீட்டிய படத்தில் ஒரு வெள்ளை முயல். அதன் ஒரு கண் வீங்கிச் சிவந்து மூடிக் கிடந்தது. முகப்பூச்சு, ஷாம்பு எல்லாம் விற்பனைக்கு வருமுன் முயல் கண்ணில் விட்டுப் பார்க்கிறார்களாம். லண்டனில் தாதியாக இருக்கும் தங்கை அனுப்பிய துண்டுப் பிரசுரம் அது. சொல்லும்போதே அந்த அம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது.

முகத்துக்குப் பூசும் க்ரீம் விற்க வந்திருந்த சிரில் படத்தைக் கையில் வாங்கினான். பீடோங், குரூண், சுங்கைப் பட்டாணி என்று மூன்று ஊரிலும் அழகுசாதனக் கடை வைத்திருப்பவர் பிரேமாவதி. இன்று இவரிடம் ஆர்டர் வாங்காவிட்டால் திங்கட்கிழமை வேலைக்கு வர வேண்டாம் என்று பினாங்கு முதலாளி சொல்லித்தான் அனுப்பியிருந்தார். முன்பு வேலை பார்த்த ஃபாக்டரியை மூடிவிட்டதால் எட்டு மாதம் வீட்டில் சும்மா கிடந்தவனுக்கு, அலைந்து திரிந்து கிடைத்த வேலை இது.

"எம்பத்தொம்பதாம் வருஷம் பொறந்ததுலேர்ந்து நம்ம கடையில ஒரே சட்டம். பிராணி மேல போட்டுப் பார்த்த சாமானுக்கு இங்க எடமில்ல. போன வாரம் மூணு கம்பெனிய வாசலோட அனுப்பிட்டேன். உங்க க்ரீம் எப்படி?"

முதலாளி சொல்லிக் கொடுத்த பாடம் சிரிலின் வாயில் தானாக வந்து தொலைத்தது. "எல்லாம் லேப்ல நல்லா டெஸ்ட் பண்ணதுதான் லா, மேடம்."

"எதுல டெஸ்ட் பண்ணாங்க?"

வகையாக மாட்டிக்கொண்டான்.

அந்த நேரம் பார்த்து, கடையைக் கூட்டித் துடைக்கும் மருதம்மாள் கோப்பி கொண்டுவந்து வைத்தாள். அவளுடைய வலது கன்னத்தில் காசளவு வட்டமாக ஒரு கறுத்த தழும்பு. ரப்பர் பாலை உறைய வைக்கும் ஆசிட் தெறித்த தழும்பாக இருக்கும். திகாம் பத்து ரப்பர் தோட்டத்தில் வேலை செய்த சிரிலின் அம்மாவுக்கும் கையெல்லாம் தழும்புதான், ஆனால் அவை திட்டுத் திட்டாகச் சிதறியிருக்கும். பாவம் என்று நினைத்துக்கொண்டான். அதற்கு மேல் நினைக்க அவனுக்கு அப்போது நேரமில்லை.

"மருதம்மா எனக்குத் தங்கச்சி மாதிரி," என்றார் பிரேமாவதி. "வேற எந்தக் கடையில கூட்டற பொம்பளைக்கு இவ்ளோ சம்பளம் குடுப்பாங்க? சரி, நீங்க பேச்ச மாத்தாதீங்க. முயலா, எலியா?"

பேச்சை மாற்றியது அவரேதான். அதைச் சொல்லும் நிலையில் சிரில் இல்லை.

இனி பொய் சொல்லியும் பயனில்லை என்று தோன்றியது. வேலை போனால் போகட்டும்.

"மன்னிச்சுக்குங்க மேடம். எங்களுக்கு லேப்பே கெடையாது. மொதலாளி வீட்டுப் பின்னால பெரிய சட்டியில கலக்கி, டப்பாவுல அடைக்கிறோம். முயலுமில்ல, எலியுமில்ல. எது மேலயும் போட்டுப் பார்த்ததில்ல."

சொல்லிவிட்டுப் பையை மூடினான். எழுந்தும்விட்டான்.

"உக்காருங்க தம்பி!" பிரேமாவதியின் முகம் மலர்ந்திருந்தது. "இத மொதல்லயே சொல்றதுக்கு என்ன லா? இப்படிப் பாவம் இல்லாத க்ரீமத்தான் நான் தேடிக்கிட்டிருந்தேன்."

கடைக்குப் பத்து டஜன் வீதம் எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டார். சிரிலுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆறிப்போன கோப்பிகூட அமிர்தமாக இறங்கியது.

"ஆனா சாமான ரெண்டு வாரம் கழிச்சு அனுப்புங்க. அதுக்குள்ள நாங்க ஒரு தடவ பார்த்துக்கணும். வாங்குறவங்க மூஞ்சி வெந்துபோனா எங்க கடைப் பேரு என்னாகும்?"

"நியாயந்தான். எப்படிப் பார்ப்பீங்க, மேடம்?"

பிரேமாவதி, சிரில் கொண்டுவந்த சாம்பிள் டப்பாவைத் திறந்து ஒரு விரல் க்ரீமை வழித்தெடுத்தார். பிறகு கடையின் பின்பக்கம் பார்த்து அன்பாகக் குரல் கொடுத்தார்.

"மருதம்மா, மூஞ்சக் கழுவிட்டு வா. இந்தத் தடவ எடது கன்னம்."