ஆறு வாரக் கஞ்சிக்குப் பிறகு

லோகேஸ்வரி சாம்பார் ஊற்றினாள். சோற்றைப் பிசைந்தேன். வாயில் வைக்கப் பயமாக இருந்தது.

"சோறு போதுமா மாமா?"

தங்கச்சி யோகேஸ்வரியின் மகள். இவள்தான் போன் பண்ணிக் கூப்பிட்டாள். ஐந்து வருடத்துக்குப் பிறகு சிடாம் கிரியில் இவர்கள் வீட்டுப் பந்தியில் உட்கார்ந்திருக்கிறேன்.

வாசலில் கூடாரம் போட்டு நீள மேசை போட்டிருந்தார்கள். பக்கத்தில் இருந்த பழனியாண்டி அண்ணன் தன் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

"பரஞ்சோதி, இன்னிக்காச்சும் தெளிவா வந்திருக்கியே லா."

மறுபடியும் சோற்றைப் பிசைந்தேன்.

கடைசியாக இப்படி உட்கார்ந்தது லோகேஸ்வரியின் கல்யாணத்தில். மூன்றாவது வாய் சோறு நெஞ்சில் நின்றது. தண்ணீர் குடித்தேன். அதுவும் நின்றது. எழுந்து ஓடுவதற்குள் எல்லாம் இலையிலேயே திரும்பி வந்துவிட்டது.

இளவயதில் நான் குடித்தவன். எல்லாருக்கும் தெரியும். அதனால் யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

யோகேஸ்வரி மட்டும் வந்து நின்றாள். "எம்பொண்ணு கல்யாணத்துலயுமாண்ணே?"

குடிக்கவில்லை என்றேன். குடித்தவன் எவன்தான் ஆமாம் என்று சொல்வான்.

அதற்குப் பிறகு யார் எதிரிலும் நான் சாப்பிட்டதில்லை. கையுறை ஃபேக்டரி கேட்டில் ஜாகா வேலை. காவல் கூண்டுக்குப் பின்னால் நின்றுகொண்டே, கையைத் தலைக்கு மேல் தூக்கி, தண்ணீர் விட்டு விட்டு ஒவ்வொரு வாயாக இறக்குவேன். பாதி இறங்கும். பாதி புல்லில் கிடக்கும். கிளினிக்கில் கேஸ்டிரிக் மருந்துதான் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள்.

போன வருடம்தான் பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்துச் சொன்னார்கள். உணவுக்குழாயின் அடியில் இருக்கிற தசை திறப்பதே இல்லையாம். இந்த வருடம் முறை வந்து, வயிற்றில் ஐந்து சின்ன ஓட்டை போட்டு, அந்தத் தசையைக் கீறிவிட்டார்கள்.

ஆபரேஷன் ஃபாரத்தில் நெருங்கிய உறவு என்ற இடத்தில் தங்கச்சி பெயரைத்தான் எழுதினேன். போன் பண்ண வேண்டாம் என்று ஊசி போட வந்த மிஸ்ஸியிடம் சொல்லிவிட்டேன். மற்ற கட்டில்களைச் சுற்றி ஆட்கள் இருந்தார்கள். என் கட்டிலைச் சுற்றித் திரைத்துணி இருந்தது.

வாயால் சொல்லித் தங்கச்சியை நம்பவைக்க எனக்கு இஷ்டமில்லை. ஆறு வாரம் கஞ்சி, அப்புறம் சோறு சாப்பிடலாம் என்று டாக்டர் சொன்னார். அந்த முதல் சோற்றை அவள் வீட்டில், அவள் பார்க்கச் சாப்பிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். டாக்டர் கொடுத்த கடிதத்தையும் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன்.

முந்தாநாள்தான் ஆறு வாரம் முடிந்தது.

வாயில் வைத்தேன். மென்றேன். விழுங்கினேன்.

நெஞ்சுக்கு நடுவில் வந்ததும், பழக்கத்தில் கை தண்ணீர் கப்பைப் பிடித்துக்கொண்டது. காத்திருந்தேன்.

இறங்கிவிட்டது.

அடுத்த வாய். அதுவும் இறங்கியது.

வாழைக்காய்ப் பொரியல், பூசணிக்காய்க் கூட்டு, ரசம். பழனியாண்டி அண்ணன் தன் சாப்பாட்டை விட்டுவிட்டு என் இலையையே பார்த்தார். அப்புறம் நாற்காலியைப் பழைய இடத்துக்கே இழுத்துப் போட்டுக்கொண்டு, அப்பளத் தட்டை என் பக்கம் நகர்த்தினார்.

நான் தலையைத் தூக்கிச் சமையல்கட்டு வாசலைப் பார்த்தேன். யோகேஸ்வரி எப்போதும் அங்கே நின்றுதான் பந்தியைக் கவனிப்பாள்.

சாப்பிட்டு முடித்து இலையை என் பக்கமாக மடித்தேன். அன்றைக்குக் கல்யாணத்தில் மடிக்க முடியாமல் போனது.

லோகேஸ்வரி பக்கத்தில் வந்து குனிந்தாள்.

"மாமா, அந்தப் பக்கமா மடிக்கணும். இன்னிக்கு அம்மாவுக்குப் பதினாறாம் நாள்."

தெரிந்துதான் வந்திருந்தேன்; கைதான் மறந்துவிட்டது. இலையைத் திரும்ப விரித்தேன். ஒரு பருக்கைகூட இல்லை.

லோகேஸ்வரி அதைப் பார்க்கும்வரை காத்திருந்தேன். பிறகு எதிர்ப்பக்கமாக மடித்தேன்.