கைப்பிடி அரிசி

ராசம்மா தன் பையை மேசைமேல் வைத்தபோது அது அப்பளம்போலப் படுத்துக்கொண்டது.

மற்ற வீட்டுப் பைகள் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தன. பெருமைப்பட ஒன்றுமில்லை, சுண்ணாம்பு வாடை அடிக்கும் பங்கீட்டு அரிசிதான். ஆனாலும் உலையில் போடுமுன் ஒரு கைப்பிடி எடுத்துச் சபைக்கென்று வைப்பது லாயாங் லாயாங் ரப்பர்த் தோட்டத்துக் கிறிஸ்தவர்களின் வழக்கம். உபதேசியார் வீட்டு அடுப்பும் ஆண் துணையில்லாத வீடுகளின் அடுப்பும் அதில்தான் எரிந்தன. மரவள்ளிக்கிழங்கே சாப்பாடாகிப்போன ஜப்பான்காரன் காலத்திலும் யாரும் அதை விடவில்லை.

ராசம்மா விட்டுவிட்டாள். விட்டதோடு நில்லாமல், ஞாயிறுதோறும் வெறும் பையைக் கொண்டுவந்து எல்லார் கண்ணெதிரிலும் வைத்தாள்.

வராமலே இருந்திருக்கலாம். வராவிட்டால் ஞானமுத்துவின் பெயரைக் கேட்க முடியாது.

ஞானமுத்து அவள் புருஷன். சயாமில் ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். அப்படிப் போனவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிச் சபை ஜெபம் பண்ணும். அந்தப் பெயரைச் சொல்லுகிறவரை அவன் உயிரோடு இருக்கிறான் என்று ராசம்மா நம்பினாள். வேறு பிடிமானம் அவளுக்கு இல்லை.

அன்றைக்கு உபதேசியார் மாசிலாமணி கோபகலசங்களைப் பற்றிப் பிரசங்கித்தார். கடைசி நாட்களில் தேவன் தம்முடைய கோபத்தை ஏழு கலசங்களில் நிரப்பிப் பூமியின்மேல் ஊற்றுவார். முதல் கலசம் தோட்டத்து ஜனங்களின் கால்களில் ஆறாத புண்ணாக இறங்கிவிட்டது, அடுத்தது சிங்கப்பூர்க் கடலைச் சிவப்பாக்கிவிட்டது என்றார். மிச்சமும் சாய்ந்துகொண்டிருக்கின்றன, மனந்திரும்பினால்தான் நிற்கும் என்றார். எல்லாக் கலசமும் இல்லாதவன் தலையில் மட்டும் கவிழ்வானேன் என்று அவரைக் கேட்க அங்கே ஆளில்லை.

நல்ல மனிதர், குறை சொல்லக்கூடாது. பொய் மட்டும் வராது அவருக்கு. ஜப்பான்காரன் வந்து மகன் தாவீது எங்கே என்று கேட்டதும் பரணைக் கைகாட்டிவிட்டார். தாவீதைச் சயாமுக்கு இழுத்துக்கொண்டு போன பிறகு லயத்து வீட்டு வாசல் மண்ணில் புரண்டு அழுதார். ஜெபத்தில் முதல் பெயர் அவனுடையதுதான்.

பிரசங்கத்தை முடித்துவிட்டு அவர் ராசம்மாவின் பையைத் தூக்கிக் காட்டினார். தேவனுக்குரியதைத் தின்றவள் மண்டியிட்டு அறிக்கை செய்யட்டும், மனந்திரும்பாத வீட்டின் பெயர் இனிச் சபை ஜெபத்தில் வராது என்றார்.

ராசம்மா கண்ணோரத்தால் பின்னால் பார்த்தாள்.

கடைசிப் பாயில் தோட்டத்துக் கணக்கெழுதும் செல்லப்பன் கிராணி உட்கார்ந்திருந்தான். ஜெபிக்க வருகிற ஆளல்ல அவன். யார் இருக்கிறார்கள், யார் இல்லை, யார் வீட்டில் என்ன புதுசு என்று பார்த்துப்போய்க் குளுவாங் பட்டணத்தில் ஜப்பான்காரனிடம் சொல்லுகிறவன். அவனும் அந்தப் பையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

ராசம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தாள். மண்டியிடவில்லை.

"ஆமாங்கய்யா, நாந்தான் தின்னேன். பசிச்சுது, தின்னேன். அதுக்கெல்லாம் மண்டி போட முடியாது."

பக்கத்துப் பெண்கள் சேலையை ஒதுக்கிக்கொண்டு நகர்ந்தார்கள். செல்லப்பன் வாய்க்குள் சிரித்தான். தின்னிப் பண்டாரம் என்று நினைத்திருப்பான். நினைத்துவிட்டுப் போகட்டும்.

மன்னிப்புக் கேட்டிருந்தால் சுலபமாக முடிந்திருக்கும். ஆனால் கேட்டவள் அடுத்த ஞாயிறு பையை நிரப்பியாக வேண்டுமே.

ஜெபம் தொடங்கியது. தாவீதின் பெயர் வந்தது. அடுத்து வரவேண்டிய பெயர் வரவில்லை. ராசம்மா பல்லைக் கடித்துக்கொண்டு அத்தாப்பு ஓலைக் கூரையை அண்ணாந்து பார்த்தாள். ஊற்று, இன்னும் எத்தனை கலசம் வைத்திருக்கிறாயோ அத்தனையும் ஊற்று, நான் நிறுத்தப்போவதில்லை என்று மனதுக்குள் தேவனிடமே சொன்னாள்.

மத்தியானம் அரிவாளும் கூடையுமாகப் புறப்பட்டாள். ஆட்டுக்குப் புல் என்றால் யாரும் கேட்கமாட்டார்கள்.

ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடும் கட்டடம் சண்டை வந்ததிலிருந்து பூட்டிக் கிடந்தது. பின்பக்கத்துப் பலகை ஒன்று மட்டும் ஆடும். அதை நகர்த்தி உள்ளே போய், கூடைக்குள்ளிருந்து கஞ்சிச் சட்டியை எடுத்து நீட்டினாள். பெக்கோக் ஸ்டேஷன் தாண்டியதும், சயாமுக்கு ஓடுகிற ரயிலிலிருந்து குதித்துக் காட்டு வழியாக வந்து சேர்ந்த உடம்பு. கிழங்கு கொடுத்தால் வயிற்றில் நிற்பதில்லை, அரிசிக் கஞ்சி ஒன்றைத்தான் தாங்கியது. அவள் பங்கு அரிசி முழுவதும் அதற்கே சரியாக இருந்தது. சோற்றை வாயில் வைத்து அவளுக்கு வெகுநாள் ஆயிற்று.

அவன் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டான்.

"அப்பா இன்னைக்கும் எம் பேரச் சொல்லி ஜெபம் பண்ணாங்களாக்கா?"

பண்ணினார், முதல் பெயரே உன்னுடையதுதான் என்றாள் ராசம்மா. மற்றதைச் சொல்லவில்லை. தான் இங்கே இருப்பதை அப்பாவிடம் சொல்லும்படி அவன் ஒருநாளும் கேட்டதில்லை. பரணில் பிடிபட்டவன் அவன்.

அவள் காலிச் சட்டியை வாங்கிக் கூடைக்குள் கவிழ்த்தாள்.

"இப்ப நீ ஞானமுத்து மாமா பேரச் சொல்லி ஜெபம் பண்ணு, தம்பி. மெதுவாப் பண்ணு. ஆனா பேரு எங் காதுல விழணும்."

தாவீது கைகூப்பிக் கண்ணை மூடினான். ராசம்மா கண்ணை மூடவில்லை. அரிவாளைக் கையில் பிடித்துக்கொண்டு, பலகை இடுக்கு வழியாகப் பாதையைப் பார்த்தபடியே ஆமென் சொன்னாள்.