மேசைக் கால்கள்

உப்பளத்துக் காற்றில் இரும்பு தாங்காது என்பதால், அம்சவல்லி கோட்டக்குப்பம் பழைய சாமான் கடையில் ஒரு மர மேசையைத் தேடி வாங்கிவந்தாள். மூன்றாவது படிக்கும் மகள் செந்தமிழ் தரையில் உட்கார்ந்து எழுத வேண்டும். உப்பு வாரிவிட்டு வந்த மத்தியானம், மேசைக் கால்களில் ஒரு முழம் விட்டு மீதியை அறுத்துப் போட்டாள். உப்புத்தாள் வைத்துத் தேய்த்து நீலப் பெயிண்ட் அடித்தாள்.

காலையில் மேசை பழைய உயரத்தில் நின்றது. ஒவ்வொரு காலிலும் நீலத்துக்குக் கீழே பெயிண்ட் படாத மரம் வந்திருந்தது. அறுத்த துண்டுகள் நான்கும் மூலையில் அப்படியே கிடந்தன.

அன்றைக்கும் அறுத்தாள். மறுநாளும் அறுத்தாள். துண்டுகள் பன்னிரண்டாயின.

"வேணாம் அம்சா, எடுத்த கடையிலயே குடுத்துட்டு வந்துடலாம்," என்றான் கணவன் சிலம்பரசன்.

"அது வளந்துக்குனே இருக்கட்டும், நான் அறுத்துக்குனே இருக்கேன். யாரு மொதல்ல ஓய்றோம்னு பாத்துடலாம்."

ரம்பத்தில் ஏறிய துருவை மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தாள்.

ஒன்பதாம் நாள் மேசை வளரவில்லை. முழம் போட்டுப் பார்த்தாள். அவள் விட்ட அளவு அப்படியே இருந்தது. ஜெயித்த தெம்பில், குவிந்துகிடந்த துண்டுகளில் நான்கைச் சாணளவு வெட்டி, மேலே பலகை அடித்து மகளுக்கு ஒரு ஸ்டூல் செய்தாள். செந்தமிழ் இரண்டு பாதங்களையும் தரையில் ஊன்றி உட்கார்ந்து பார்த்தாள்.

"எனக்கு சரியா இருக்குதும்மா."

மறுநாள் பள்ளிக்கூடம் கிளம்புமுன் செந்தமிழ் அதே ஸ்டூலில் உட்கார்ந்து இட்லி தின்றாள். தரைக்கு எட்டாத கால்களை ஆட்டிக்கொண்டே தின்றாள்.