முகவரியின் இனிஷியல்

கணினிகள் தகவல் பரிமாறும் எக்ஸ்எம்எல் கோப்புகளைச் சோதிக்கும் வாசலில், அவற்றைச் சரிபார்க்கும் நிரலான வேலிடேட்டர் காவல் இருந்தது. தனியாக வந்தபோதெல்லாம் முகவரி என்ற கோப்பை மறுபேச்சில்லாமல் உள்ளே விட்டிருந்தது. இன்று முகவரி ஒரு மருந்து ஆர்டரின் மடியில் உட்கார்ந்து வந்தது.

"க. முகவரியா? ஆர்டர் குடும்பத்தில் அப்படி யாரும் கிடையாது. இரண்டு பேரும் திரும்புங்கள்!" என்றது வேலிடேட்டர்.

"ஐயோ, நான் போனால்தான் மருந்தே கிளம்பும்!" என்று ஆர்டர் பதறியது.

"அந்த 'க.' யாருடைய இனிஷியல்?" என்று முகவரி சீறியது.

"ஆர்டருடையது. இன்னொருவர் மடியில் இனிஷியல் இல்லாமல் வந்தால், அவருடையதைப் போட்டுத்தான் படிப்பேன்."

முகவரி தன் பெயருக்கு முன்னால் தன் சொந்தக் குடும்ப இனிஷியலை 'த.' என்று கொட்டை எழுத்தில் எழுதிக்கொண்டது.

"அட, த. முகவரி! தெரிந்த குடும்பமாயிற்றே, வாருங்கள்!"

ஆர்டரின் மடியை விட்டு இறங்காமலே, சொந்த இனிஷியலோடு, முகவரி நெஞ்சை நிமிர்த்தி உள்ளே போனது.